உடலின் காவல்காரர்களை முடக்கும் நச்சு நெடி
தீய்ந்த எண்ணெய், பீடி, மது, மிஞ்சிய சர்க்கரை - நான்கும் செய்யும் கேடு ஒன்றே!

அடுப்பில் எண்ணெய்ச் சட்டி அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டால் ஒரு நெடி எழும்பும். கண் எரியும். தொண்டை கமறும். அடுப்படியில் நிற்பவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஜன்னலைத் திறந்து விட்டால் சிறிது நேரத்தில் நெடி போய்விடும். "எண்ணெய் தீய்ந்து போச்சு" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

ஆனால் அந்த நெடியை உடல் அவ்வளவு சுலபத்தில் மறப்பதில்லை.

கண்ணை எரிய வைக்கும் அந்தப் பொருளுக்கு அக்ரோலின் என்று பெயர். "காரமான எண்ணெய்" என்ற பொருள் தரும் லத்தீன் சொற்களில் இருந்து பிறந்த பெயர் அது. முதல் உலகப் போரின்போது பிரெஞ்சுப் படையினர் இதைக் குண்டுகளில் அடைத்து எதிரிகள் மீது வீசினார்கள் என்றால் இதன் குணத்தைப் புரிந்துகொள்ளலாம். போர்க்களத்தில் வீசப்பட்ட அதே பொருள்தான், மிகச் சிறிய அளவில், பஜ்ஜிச் சட்டியிலும் பீடிப் புகையிலும் இருக்கிறது.

அக்ரோலின் தனி ஆள் அல்ல. அதற்கு ஒரு பெரிய குடும்பமே உண்டு. விஞ்ஞானிகள் அந்தக் குடும்பத்தை "வினைபுரியும் கார்பனைல் பொருட்கள்" என்று அழைக்கிறார்கள். நம் உடலைக் காக்கும் சில நொதிகளை - அதாவது என்சைம்களை - இவை எப்படி முடக்குகின்றன என்பது பல ஆண்டுகளாக ஆராயப்பட்டு வரும் விஷயம். சாதாரண மக்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமும்கூட.

கொக்கி போடும் பொருட்கள்

ஒரு கார்பன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் இரட்டைப் பிணைப்பால் சேர்ந்திருக்கும் பகுதிக்குக் கார்பனைல் என்று பெயர். இதில் ஆக்சிஜன் பேராசைக்காரன். இருவருக்கும் பொதுவான எலெக்ட்ரான்களைத் தன் பக்கமே இழுத்துக்கொள்ளும். அதனால் கார்பனுக்குக் குறை ஏற்படும். அந்தக் குறையைத் தீர்க்க அது வேறு இடத்தில் கை நீட்டும்.

கூட்ஸ் ரயிலில் ஒரு வாகனையும் அடுத்த வாகனையும் இணைக்கும் கப்ளிங்கைப் பலரும் பார்த்திருப்பார்கள். கார்பனைல் அப்படிப்பட்ட ஒரு கொக்கி. உடலில் உள்ள புரதங்களில் கந்தகமும் நைட்ரஜனும் இருக்கும் இடங்கள் இந்தக் கொக்கிக்குத் தோதானவை. அங்கே போய் மாட்டிக்கொள்ளும். மாட்டிய பிறகு எளிதில் கழன்று வராது. சில கொக்கிகள் இரண்டு புரதங்களைச் சேர்த்துப் பிணைத்து, இரண்டையுமே வேலைக்கு உதவாமல் செய்துவிடும்.

கார்பனைல் உள்ள எல்லாப் பொருளும் விஷம் என்று எண்ணிவிடக் கூடாது. வனிலாவின் மணமும், பிரியாணிக்குப் போடும் பட்டையின் மணமும் இதே வகைப் பொருட்களில் இருந்து வருபவைதான். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்தே நன்மையும் தீமையும்.

எங்கிருந்து வருகின்றன?

தீமை செய்யும் கார்பனைல்கள் நான்கு வழிகளில் உடலுக்குள் சேருகின்றன.

முதல் வழி எண்ணெய். சமையல் எண்ணெய் என்பது கிளிசராலும் கொழுப்பு அமிலங்களும் சேர்ந்த ஒன்று. எண்ணெய் புகையும் அளவுக்குச் சூடேறினால் கிளிசரால் தன்னிடம் உள்ள நீரை இழந்து அக்ரோலினாக மாறுகிறது. கொழுப்பு அமிலங்களும் காற்றுடன் சேர்ந்து உடைந்து, மலோன்-டை-ஆல்டிஹைடு, ஹைட்ராக்சி-நோனினால் போன்ற பொருட்களைத் தருகின்றன. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் இவை சேர்ந்துகொண்டே போகும்.

இரண்டாவது வழி புகை. பீடி, சிகரெட் புகையில் அக்ரோலின், பார்மால்டிஹைடு, அசிட்டால்டிஹைடு மூன்றும் உண்டு. வண்டிப் புகையிலும், விறகுப் புகையிலும் இவை உண்டு.

மூன்றாவது வழி மது. குடித்த சாராயம் கல்லீரலுக்குப் போனதும் முதலில் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. பிறகுதான் அது அதிகத் தீங்கில்லாத அசிட்டிக் அமிலமாகிறது. இடைப்பட்ட நேரத்தில் அசிட்டால்டிஹைடு தன் வேலையைக் காட்டிவிடுகிறது.

நான்காவது வழிதான் பலருக்கும் தெரியாதது. அது உடலுக்குள்ளேயே இருக்கிறது. நாம் உண்ணும் சோறும் சப்பாத்தியும் சர்க்கரையாக மாறி, உயிரணுக்களில் எரிந்து சக்தி தருகின்றன. அப்படி எரியும்போது மெத்தில்-கிளையாக்சால் என்ற கார்பனைல் சிறிதளவு உண்டாகிறது. இது எல்லார் உடம்பிலும் நடப்பது. ஆனால் ரத்தத்தில் சர்க்கரை மிஞ்சினால் இதுவும் மிஞ்சும். சர்க்கரையோடு ஒப்பிட்டால், புரதத்தின் மீது பாய்வதில் இது பல ஆயிரம் மடங்கு வேகம் உடையது.

மூன்று காவல்காரர்கள்

இனி, இவற்றால் பாதிக்கப்படுகிறவர்கள் யார் என்று பார்க்கலாம்.

நாம் சுவாசிக்கும் ஆக்சிஜன்தான் நமக்கு உயிர். அதே ஆக்சிஜனில் ஒரு சிறு பகுதி, உயிரணுவுக்குள் சக்தி உற்பத்தியாகும்போது வழி தவறி, சூப்பராக்சைடு என்ற முரட்டுப் பொருளாக மாறிவிடுகிறது. இதை அப்படியே விட்டால் உயிரணுவின் சுவரையும் மரபுப் பொருளையும் அரித்துவிடும். இரும்பைத் துரு அரிப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த முரட்டுப் பொருளை அடக்க உடலில் காவல்கார நொதிகள் இருக்கின்றன. அவற்றில் மூன்று முக்கியமானவை.

முதல் காவல்காரர் சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ். 1969-ல் அமெரிக்க விஞ்ஞானிகள் ஜோ மெக்கார்டும் இர்வின் பிரிடோவிச்சும் இதன் வேலையைக் கண்டுபிடித்தார்கள். செம்பும் துத்தநாகமும் கொண்ட ஒரு வகை, மாங்கனீஸ் கொண்ட இன்னொரு வகை என்று உயிரணுவுக்குள் இது இரு வடிவங்களில் வேலை செய்கிறது. சூப்பராக்சைடைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுவது இதன் பணி.

ஹைட்ரஜன் பெராக்சைடும் ஆபத்தானதுதான். அதைக் கவனிப்பவர் இரண்டாவது காவல்காரரான கேட்டலேஸ். இரும்புச் சத்து கொண்ட இந்த நொதி, பெராக்சைடைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் பிரித்துவிடும். தொழிற்சாலை முதலுதவிப் பெட்டியில் உள்ள பெராக்சைடைக் காயத்தில் ஊற்றினால் நுரை பொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த நுரை கேட்டலேஸ் வேலை செய்வதன் அடையாளம்.

மூன்றாவது காவல்காரர் குளூட்டத்தயோன் பெராக்சிடேஸ். 1957-ல் இது கண்டறியப்பட்டது. செலினியம் என்ற தாதுதான் இதன் உயிர்நாடி என்பது 1973-ல் தெரியவந்தது. பெராக்சைடை மட்டுமல்லாமல், கெட்டுப்போன கொழுப்பையும் சரிசெய்வது இதன் சிறப்பு. ஆனால் இது தனியாக வேலை செய்யாது. குளூட்டத்தயோன் என்ற சிறிய உதவியாளர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அந்த உதவியாளரிடம் ஒரு கந்தக அணு இருக்கிறது. அதுதான் அதன் கருவி.

காவல்காரர் கையில் விலங்கு

வம்பு இங்கேதான் தொடங்குகிறது. கார்பனைல் கொக்கிக்கு மிகவும் பிடித்தமானது கந்தகம் அல்லவா?

அக்ரோலின் உள்ளே வந்ததும் முதல் வேலையாகக் குளூட்டத்தயோனின் கந்தகத்தில் போய் மாட்டிக்கொள்கிறது. இது ஒரு வகையில் நல்லது. உதவியாளர் தன்னையே கொடுத்து விஷத்தை வெளியேற்றுகிறார். ஆனால் விஷம் தினமும் வந்துகொண்டே இருந்தால் உதவியாளர்களின் எண்ணிக்கை குறையும். உதவியாளர் இல்லாவிட்டால் மூன்றாவது காவல்காரர் கருவி இல்லாமல் நிற்கும் தொழிலாளி போல ஆகிவிடுவார்.

மெத்தில்-கிளையாக்சாலின் தாக்குதல் வேறு விதம். குளூட்டத்தயோன் வந்து உட்காரும் இடம் ஒன்று பெராக்சிடேஸ் நொதியில் இருக்கிறது. அந்த இடத்தில் இருக்கும் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தில் மெத்தில்-கிளையாக்சால் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. உதவியாளர் வந்தாலும் உட்கார இடம் இல்லை.

முதல் காவல்காரரும் தப்புவதில்லை. ரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸின் மீது ஒட்டிக்கொண்டு அதன் சக்தியைக் குறைக்கிறது என்று 1987-ல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். சர்க்கரையும் ஒரு வகைக் கார்பனைல்தான். அதன் வேகம் குறைவு. ஆனால் அளவு அதிகம். மெதுவாக வந்தாலும் கூட்டமாக வருகிறது.

காவல்காரர்கள் தளர்ந்தால் என்ன ஆகும்? பெராக்சைடு மிஞ்சும். மிஞ்சிய பெராக்சைடு உயிரணுச் சுவரில் உள்ள கொழுப்பைக் கெடுக்கும். கெட்ட கொழுப்பு உடைந்து மறுபடியும் ஆல்டிஹைடுகளைத் தரும். அவை மீதி இருக்கும் காவல்காரர்களையும் முடக்கும். கடனுக்கு வட்டி, வட்டிக்கு வட்டி என்று ஏறிக்கொண்டே போகும் கந்துவட்டிக் கணக்குப் போன்றது இது. எங்கேயாவது ஓரிடத்தில் இந்தச் சங்கிலியை அறுத்தாக வேண்டும்.

சிவப்பணுவின் பரிதாபம்

மற்ற உயிரணுக்கள் பழுதான நொதியை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்துகொள்ளும். ரத்தத்தில் ஓடும் சிவப்பணுவுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு உட்கரு கிடையாது. பிறக்கும்போது கட்டிக் கொடுத்த சோற்று மூட்டையோடு சுமார் 120 நாட்கள் வாழ்ந்து முடிக்க வேண்டியதுதான். வழியில் காவல்காரர் முடங்கினால் மாற்று ஆள் வரமாட்டார்.

சிவப்பணுவின் இந்தக் குறையே டாக்டர்களுக்கு ஒரு வசதியாகவும் அமைந்தது. சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களாக ரத்தத்தில் சர்க்கரை எப்படி இருந்தது என்று தெரிந்துவிடும். இதுதான் எச்.பி.ஏ.1.சி. என்ற பரிசோதனை. சர்க்கரை நோயாளிகளின் ஹீமோகுளோபினில் மாறுதல் இருப்பதை 1968-ல் ஈரான் நாட்டு டாக்டர் சாமுவேல் ரஹ்பர் கண்டறிந்தார். இன்று 6.5 சதவீதமும் அதற்கு மேலும் என்றால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை என்றால் எச்சரிக்கைக் கட்டம்.

பரிசோதனைக்கு முந்திய நாள் மட்டும் பத்தியம் இருந்து, "சர்க்கரை நார்மல்" என்று சீட்டு வாங்குகிறவர்கள் உண்டு. இந்தப் பரிசோதனையிடம் அந்த வித்தை பலிக்காது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு சென்னையில் உள்ள மெட்ராஸ் டயாபடிஸ் ரிசர்ச் பவுண்டேஷன் நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-ல் வெளிவந்தது. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், 13 கோடியே 60 லட்சம் பேர் எச்சரிக்கைக் கட்டத்தில் இருப்பதாகவும் அது மதிப்பிட்டது. கிராமத்தைவிட நகரத்தில்தான் நோய் அதிகம்.

ஊரை விட்டு வந்து, மும்பை போன்ற பெருநகரத்தில் ஒற்றை அறைக் குடித்தனம் நடத்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் லோக்கல் ரயிலைப் பிடிக்க வேண்டிய அவசரம். பகலில் வடா பாவ். மாலையில் இரண்டு பஜ்ஜி, மூன்று டீ. இரவு ஷிப்டில் தூக்கத்தை விரட்ட பீடி. மாதக் கடைசி அலுப்புக்குக் கொஞ்சம் மது. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறியதாகத்தான் தெரிகிறது. உடலுக்குள் இவை எல்லாம் ஒரே கணக்கில்தான் வரவு வைக்கப்படுகின்றன.

உடலும் சும்மா இருப்பதில்லை

இதைப் படித்துவிட்டு யாரும் பீதி அடைய வேண்டியதில்லை. உடல் ஏமாளி அல்ல.

மெத்தில்-கிளையாக்சாலைப் பிடித்துத் தீங்கற்றதாக மாற்ற கிளையாக்சலேஸ் என்ற நொதி அமைப்பு உண்டு. 1913-லேயே கண்டுபிடிக்கப்பட்டது அது. ஆல்டிஹைடுகளை அமிலமாக மாற்றி அனுப்ப வேறு நொதிகள் கல்லீரலில் இருக்கின்றன.

இன்னொரு விந்தையும் உண்டு. கார்பனைல்கள் கொஞ்சமாக வந்தால், உயிரணுவில் உள்ள கீப்-1 என்ற புரதத்தின் கந்தகத்தில் அவை மாட்டிக்கொள்கின்றன. அது அபாயச் சங்கிலியை இழுத்ததற்குச் சமம். உடனே என்.ஆர்.எப்.-2 என்ற இன்னொரு புரதம் விடுபட்டு உட்கருவுக்குள் ஓடி, "காவல்காரர்களை அதிகமாக அனுப்பு" என்று உத்தரவு கொடுக்கிறது. புதிய நொதிகளும் குளூட்டத்தயோனும் உற்பத்தியாகின்றன.

ஆகவே எப்போதாவது ஒரு நாள் வந்துவிட்ட கேட்டை உடல் சமாளித்துக்கொள்ளும். பட்டறையில் ஒரு நாள் ஓவர்டைம் பார்ப்பதைப் போன்றது அது. வருடம் முழுவதும் ஓவர்டைம் என்றால் எந்தத் தொழிலாளியாலும் தாங்க முடியாது. உடலும் அப்படித்தான்.

தொடர்ந்து சேரும் கேட்டின் விளைவுகளை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு பட்டியல் போட்டிருக்கிறது. மது குடிப்பதால் உண்டாகும் அசிட்டால்டிஹைடு புற்றுநோயை உண்டாக்கும் என்று 2009-ல் அதன் நிபுணர்கள் முடிவு செய்தார்கள். அக்ரோலின் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று கருதத் தக்க பொருள்களின் பட்டியலில் 2020-ல் சேர்க்கப்பட்டது.

மாத்திரை விழுங்கினால் போதுமா?

"ஆன்டி-ஆக்சிடென்ட்" என்று பளபளப்பான அட்டையில் அச்சடித்த மாத்திரைகள் மருந்துக் கடைகளில் தொங்குகின்றன. குறைந்த சம்பளக்காரர்கள்கூட மாதம் நூற்றுக்கணக்கான ரூபாயை இதற்குச் செலவிடுகிறார்கள். காவல்காரர் முடங்கினால் கடையில் வேறு காவல்காரர் வாங்கிக்கொள்ளலாம் என்ற எண்ணம்.

அனுபவம் வேறு விதமாக இருக்கிறது. பின்லாந்து நாட்டில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடந்தது. அவர்களில் ஒரு பகுதியினருக்குப் பீட்டா-கரோட்டின் மாத்திரை பல ஆண்டுகள் கொடுக்கப்பட்டது. 1994-ல் முடிவு வந்தபோது எல்லோரும் திகைத்துப்போனார்கள். மாத்திரை தின்றவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இதேபோன்ற இன்னொரு சோதனை, தீமை தெரிந்ததும் 1996-ல் இடையிலேயே நிறுத்தப்பட்டது.

பீடியை விடாமல் மாத்திரை தின்பது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பது போலத்தான். காசும் போகும், கேடும் நிற்காது. டாக்டர் ஒரு காரணம் சொல்லி எழுதிக் கொடுத்தால் மட்டுமே இத்தகைய மாத்திரைகளைச் சாப்பிட வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

எண்ணெய் விஷயத்தில் நாட்டில் சட்டம் இருக்கிறது. காய்ச்சக் காய்ச்ச எண்ணெயில் சேரும் கழிவுப் பொருட்களை "போலார் காம்பவுண்டுகள்" என்பார்கள். இவற்றின் அளவு 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர ஆணையம் விதி செய்தது. 2018 ஜூலை 1 முதல் அது அமலில் இருக்கிறது.

பொரிப்பதற்கு நாள் ஒன்றுக்கு 50 லிட்டருக்கு மேல் எண்ணெய் செலவிடும் கடைக்காரர்கள் கணக்குப் புத்தகம் வைக்க வேண்டும். பயன்படுத்திய எண்ணெயை அனுமதி பெற்றவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இது 2019 மார்ச்சில் வந்தது. அப்படிச் சேரும் பழைய எண்ணெயைப் பயோ-டீசலாக மாற்றும் திட்டம் 2018 ஆகஸ்ட் 10-ல் தொடங்கப்பட்டது. பெரிய சமையலறையில் கறுத்த எண்ணெய் கைமாறிச் சின்னக் கடைச் சட்டிக்குள் மறுபடி இறங்கக் கூடாது என்பதே நோக்கம்.

சட்டம் இருந்தாலும் ஒவ்வொரு சட்டிக்குப் பக்கத்திலும் ஓர் இன்ஸ்பெக்டரை நிறுத்த முடியாது. சாப்பிடுகிறவரின் கண்ணும் மூக்கும்தான் முதல் இன்ஸ்பெக்டர். சட்டியில் எண்ணெய் கறுத்து, கெட்டியாகி, மேலே நுரை கட்டி, நீலம் கலந்த சாம்பல் நிறப் புகை விட்டால் அந்தக் கடையில் பொரித்ததை வாங்காமல் நகர்ந்துவிடலாம். பக்கத்தில் இட்லியோ வாழைப்பழமோ கிடைக்காமல் போகாது.

வீட்டில் செய்யக்கூடியவை

பொரிக்கும்போது எண்ணெய் புகையும் வரை காயவிடக் கூடாது. பெரிய சட்டியில் நிறைய எண்ணெய் ஊற்றி மிச்சம் வைப்பதைவிட, சின்னச் சட்டியில் தேவையான அளவு ஊற்றுவது நல்லது. பொரித்து மிஞ்சிய எண்ணெயை வடிகட்டி, ஓரிரு நாளில் தாளிக்கச் செலவழித்துவிட வேண்டும். திரும்பவும் பொரிக்க வைத்திருக்கக் கூடாது. பழைய எண்ணெயோடு புது எண்ணெயைக் கலப்பதும் தவறு.

சமையலும் படுக்கையும் ஒரே அறையில் என்ற நிலையில் வாழ்பவர்கள், பொரிக்கும் நேரத்திலாவது கதவையும் ஜன்னலையும் திறந்து வைக்க வேண்டும். கைக்குழந்தையை அந்த நேரம் வெளியே தூக்கிச் செல்வது நல்லது. அடுப்படியில் நாள் முழுவதும் நிற்கும் பெண்களின் நுரையீரலும் நுரையீரல்தான்.

பீடி, சிகரெட்டை விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவச ஆலோசனை கிடைக்கிறது. காசு செலவில்லை.

முப்பது வயது தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒரு முறை சர்க்கரை பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். தகப்பனாருக்கோ தாயாருக்கோ சர்க்கரை நோய் இருந்தால் தட்டிக் கழிக்கவே கூடாது. அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கு வசதி உண்டு. சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் மெத்தில்-கிளையாக்சாலும் கட்டுக்குள் இருக்கும்.

கீரை, பயறு, காய்கறி, கடலை, முட்டை, மீன் ஆகியவற்றில் காவல்கார நொதிகளுக்கு வேண்டிய செம்பு, துத்தநாகம், மாங்கனீஸ், இரும்பு, செலினியம் எல்லாம் கிடைக்கின்றன. இதற்காக விலை உயர்ந்த பொருள் எதையும் தேடிப் போக வேண்டாம். சந்தையில் மாலை நேரத்தில் மலிவாகக் கிடைக்கும் கீரைக் கட்டே போதும்.

பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்தவனுக்கு உடம்புதான் மூலதனம். அது படுத்துவிட்டால் இங்கே அறை வாடகையும் நிற்கும். ஊரில் மணியார்டருக்காகக் காத்திருக்கும் குடும்பத்தின் அடுப்பும் நிற்கும். காவல்காரர்கள் இரவு பகல் பாராமல் உள்ளே வேலை செய்கிறார்கள். சம்பளம் கேட்பதில்லை. லீவு கேட்பதில்லை. அவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான் - தாங்க முடியாத சுமையைத் தலையில் ஏற்றாதீர்கள் என்பதுதான்!